பரங்கிமலை முதல் பள்ளிக்கரணை வரை: தான் எடுத்த படத்தைப் பார்த்து வரைபவரின் பாதை

தாம்பரமும் அதைச் சுற்றியுள்ள தென்சென்னைப் புறநகரும், விருப்பத்துக்காக நிலக்காட்சி வரைபவருக்கு நல்ல களம். பாறைக் குன்று, ஏரி, புதர்க்காடு, சதுப்பு நிலம், சோழர் காலக் கோயில் எல்லாமே புறநகர் ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் பலகையை விரித்து உட்கார்ந்து வரைய இந்த வட்டாரம் அதிகம் இடம் தருவதில்லை. காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிடும். ஏரிக்கரையில் நிழல் குறைவு, ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் நிற்கவே முடியாது. வேலைக்குப் போகிறவருக்குக் கிடைப்பதோ ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதனால் விடியலில் போய்ப் படம் எடுத்துவந்து, இரவில் வீட்டு மேசையில் வைத்து வரைவதே பெரும்பாலும் நடக்கிற வழி.

ஒளிப்படத்தைப் பார்த்து வரைவது குறைவான கலை என்ற எண்ணம் பரவலாக உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஒளிப்படம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1790-களில் தென்னிந்தியாவைச் சுற்றிய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் காட்சியைத் தாளில் விழவைக்கும் இருட்டுப் பெட்டியைத் துணைக்கு வைத்திருந்தார்கள். ராஜா ரவிவர்மா ஒளிப்படங்களைப் பயன்படுத்தினார். மோரிஸ் உத்ரில்லோ பாரிஸின் மோன்மார்த்தர் தெருக்கள் பலவற்றை அஞ்சலட்டைகளைப் பார்த்தே வரைந்தார். சென்னைக்கு இதில் சொந்த மரபே உண்டு. சினிமா பேனர் வரைந்தவர்கள் கையகல ஸ்டில்லின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி, இரண்டு மாடி உயரத்துக்கு முகங்களைத் தீட்டினார்கள். 2000-களில் ஃபிளெக்ஸ் அச்சு வந்து அந்தத் தொழிலை ஒழித்தது. கட்டம் போடும் முறை மட்டும் பள்ளி ஓவிய வகுப்பிலும் வீட்டு மேசையிலும் இன்னும் இருக்கிறது.

வேறு வேலை பார்த்துக்கொண்டே வரைந்து பெயர் பெற்றவர்களும் உண்டு. மதுரையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த மனோகர் தேவதாஸ் (1936–2022) தொழிலால் வேதியியலாளர். கண்பார்வை படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தபோதும் இரு நகரங்களின் கட்டடங்களையும் தெருக்களையும் மைக்கோடுகளில் நுணுக்கமாக வரைந்தார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

கணக்கில் கொள்ளவேண்டியது இதுதான்: கேமரா எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு பதிவுசெய்கிறது, ஓவியம் அப்படிச் செய்ய முடியாது. எதை எடுப்பது, எதை விடுவது, கேமரா எங்கே தவறியது என்பதையெல்லாம் அந்த இடத்தில் நின்றவர்தான் சொல்ல முடியும். இணையத்தில் கிடைத்த படத்தைவிடத் தான் எடுத்த படம் மேல் என்பதற்குக் காரணம் அதுவே. பரங்கிமலையில் தொடங்கி ரயில் பாதையோடு தெற்கே வண்டலூர் வரை போய், பிறகு தாம்பரத்திலிருந்து கிழக்கே திரும்பினால், ஒவ்வொரு இடமும் அந்தத் தவறுகளில் ஒன்றைக் காட்டிக்கொடுக்கும்.

பரங்கிமலை: தூரம்

பரங்கிமலை ஏறத்தாழ 300 அடி உயரம். உச்சியில் போர்த்துகீசியர் காலத்துத் தேவாலயம் இருக்கிறது. இந்த மலையடிவாரத்துச் சமவெளியில்தான் 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் நில அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீண்ட அந்தக் கோட்டிலிருந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி வளர்ந்தது. அளவைக்காரர் தேர்ந்தெடுத்த தட்டை நிலத்தில் இன்று வீடுகள் நெருங்கி நிற்கின்றன. மேலே நின்றால் தென்மேற்கே திரிசூலம், பல்லாவரம் குன்றுகள் எழுந்து தெரியும்.

அந்தக் குன்றுகள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகின்றன, கைப்பேசிப் படத்திலோ கடுகாகச் சிறுத்துப்போகின்றன. கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோண வகை என்பதே காரணம். பக்கவாட்டில் நிறைய அள்ளிக்கொள்வதால், தொலைவில் இருப்பதற்குச் சட்டத்துக்குள் சிறிய இடமே மிஞ்சுகிறது. இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் கண் உணர்ந்த அளவுக்குப் பக்கத்தில் வரும். அகலமும் வேண்டுமென்றால் மூன்று நான்கு படங்களை ஒன்றோடொன்று சற்றே ஏறியபடி எடுத்து, வரையும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

நேரமும் முக்கியம். காலையில் வெளிச்சம் கிழக்கிலிருந்து குன்றுகளின் முகத்தில் விழும், மடிப்பும் பிளவும் தெரியும். மாலையில் அதே குன்றுகள் வெறும் நிழலுருவாகிவிடும். சென்னையின் அட்சரேகையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். அந்த நாள்களில் நடுப்பகலில் எடுத்த படத்தில் எதற்கும் பக்கவாட்டு நிழல் இருக்காது, வரைந்தால் எல்லாம் தட்டையாகவே வரும்.

திரிசூலம், பல்லாவரம்: பாறையின் நிறம்

விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ரயில் நிலையம். உள்ளே போனால் குன்றுகளுக்கு நடுவே பழைய சிவன் கோயில், அதைச் சுற்றிக் கல்குவாரிகள் வெட்டி விட்டுப்போன செங்குத்துச் சுவர்கள். பல்லாவரம் வரை நீளும் இந்தப் பாறைக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறையால் ஆனது என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பெயரை வைத்தார். இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார்.

புதிதாக உடைந்த சார்னோக்கைட் எண்ணெய் தடவியதுபோன்ற மினுக்கோடு கருநீலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். வெயிலும் மழையும் பட்ட பகுதி துருப்பழுப்பாக மாறிவிடும். கேமரா இந்த இரண்டையும் ஒரே சாம்பலாக்கி, நிழலைக் கறுப்பாக்கிவிடும். கறுப்பு வண்ணத்தை அப்படியே பூசினால் பாறை கரிபோல் செத்துக் கிடக்கும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் கிடைக்கும் சாம்பல் இங்கே சரியாகப் பொருந்துகிறது. நீலம் தூக்கலாக இருந்தால் புது வெட்டு, பழுப்பு தூக்கலாக இருந்தால் பழைய முகம். நிழலுக்குள் ஒளிந்திருக்கும் நிறத்தைக் கேமரா கொண்டுவராது. அதனால் ஒரு சின்ன நோட்டும் நாலு வண்ணமும் கையோடு எடுத்துப் போகவேண்டும். அந்த இடத்திலேயே விரல் நகம் அளவுக்கு நிறங்களைப் பூசிப் பார்த்து, பக்கத்தில் மணி எத்தனை என்று குறித்துக்கொண்டால், வீட்டில் படம் பொய் சொல்லும்போது நோட்டு திருத்தும்.

வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தை கூடும். பழைய மரச்சாமான், கடிகாரம், செடி, கோழி என்று எல்லாம் வரும் இடம். தேடுகிறவருக்குப் பழைய படச் சட்டமும் அகப்படலாம். வாங்குவதானால் கறையான் அரித்திருக்கிறதா என்று மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

திருநீர்மலை: சாய்ந்த கோபுரம்

பல்லாவரத்திலிருந்து மேற்கே போனால் திருநீர்மலை. 108 திவ்வியதேசங்களில் ஒன்று. நின்ற, இருந்த, கிடந்த, நடந்த நான்கு கோலங்களிலும் பெருமாள் இங்கே எழுந்தருளியிருப்பதாக வைணவ மரபு சொல்லும். நின்ற கோலம் அடிவாரத்தில், மற்றவை மலைமேல். மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் திருமங்கையாழ்வார் வடியும்வரை காத்திருந்து தரிசித்தார் என்பது தலபுராணம்.

அடிவாரத்தில் குளம், கோயில், பின்னால் மலை என்று காட்சி தானாகவே அமைந்திருக்கிறது. கோபுரத்தின் கீழே நின்று கைப்பேசியை அண்ணாத்திப் பிடித்தால், அதன் இரண்டு ஓரங்களும் மேலே குவிந்து கோபுரம் பின்பக்கம் சாய்ந்ததுபோல் விழும். படத்தில் கண் இதை மன்னித்துவிடும், ஓவியத்தில் மன்னிக்காது. பின்னால் தள்ளிப்போய்க் கைப்பேசியை நேராகப் பிடித்து எடுப்பது ஒரு வழி. முடியாவிட்டால் பென்சிலில் வரையும்போது நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டு, இரு பக்கமும் அளந்து திருத்தவேண்டும். குளத்தில் விழும் பிம்பத்துக்கு ஒரு பொது விதி உண்டு: வெளிச்சமான பொருளின் பிம்பம் சற்றே மங்கலாகவும், இருண்ட பொருளின் பிம்பம் சற்றே வெளிறியும் இருக்கும். பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர்கீழே விழும்.

தாம்பரம்: பச்சை

கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதைத் தொட்டே ஊரும் வளர்ந்தது. மாநகராட்சியானது 2021-இல். சானடோரியம் நிலையத்தின் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை டாக்டர் சவுரிமுத்து 1928-இல் தொடங்கினார். நல்ல காற்றுக்காக நோயாளிகளைக் கொண்டுவந்த இடம் இது என்பதை இன்றைய நெரிசலில் நம்புவது கடினம். விமானப்படைத் தளத்தின் பக்கம் படம் எடுக்கத் தடை உண்டு, கேமராவைப் பையில் வைத்துவிடவேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் வந்து அமர்ந்தது. 365 ஏக்கர் வளாகத்தில் இந்த வட்டாரத்தின் பழைய புதர்க்காடு பெருமளவு எஞ்சியிருக்கிறது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே மரம் வளர்ப்பதில் பெரும்பங்கு வகித்தார். உள்ளே போய் வரைய அனுமதி பெறவேண்டும்.

கைப்பேசிகள் பச்சையைக் கூட்டிக் காட்டும். ஒரே நொடியில் பல படங்களை எடுத்துச் சேர்ப்பதால் வானமும் நிழலும் ஒரே அளவு தெளிவாகத் தெரியும், ஆழம் போய்விடும். தோல்பதமான கரும்பச்சை இலை, தூசி படிந்த வேலியோரச் செடி, வெயில் ஊடுருவும் தளிர் மூன்றுக்கும் படத்தில் ஏறக்குறைய ஒரே பச்சைதான். குழாயிலிருந்து பிதுக்கிய பச்சையை விட்டுவிட்டு நீலத்தையும் மஞ்சளையும் கலந்து, துளி சிவப்புச் சேர்த்து அடக்கினால் புதர்க்காட்டின் பச்சை கிடைக்கும். மரத்தடி நிழலிலும் இரண்டு குணம் உண்டு. வானம் பார்த்த நிழல் நீலம் தட்டும். செம்மண்ணுக்கு அருகிலிருக்கும் நிழலில் மண்ணின் சூடு ஏறியிருக்கும்.

முடிச்சூர், வண்டலூர்: பருவம்

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றின் தொடக்கப் பகுதியில் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் ஓடை அளவே இருக்கும் ஆறு இது. 2015 டிசம்பர் 1–2-இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது இங்கே வீடுகள் மூழ்கின. இந்த வட்டாரத்தின் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்வதால், ஏரி நிறைந்த காட்சி தையில் கிடைக்கும், ஆனியில் அதே இடத்தில் வெடித்த மண்ணும் மேயும் மாடும்தான். ஒரே கரையில் அதே அடையாளத்தின் பக்கத்தில் நின்று பருவத்துக்கு ஒரு படம் எடுத்து வைப்பவரிடம் சில ஆண்டுகளில் ஒரு தொடர் ஓவியத்துக்கான பொருள் சேர்ந்துவிடும்.

தெற்கே வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1855-இல் நகருக்குள் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை 1985-இல் இங்கே வந்தது. பூங்காவையும் குன்றையும் ஒட்டிய காட்டின் விளிம்பில் நெடுஞ்சாலையும், வெளிவட்டச் சாலையும், 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் வந்துவிட்டன. குன்றின் கோடு அப்படியேதான் இருக்கிறது, முன்புறம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வேறாகிறது.

மாடம்பாக்கம்: வளைந்த முதுகு

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையில் கிழக்கே வந்து தெற்கே திரும்பினால் மாடம்பாக்கம். இங்குள்ள தேனுபுரீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கருவறையின் பின்புறம் அரைவட்டமாக வளைந்து, படுத்த யானையின் முதுகுபோல் விமானம் எழும் வகையைத் தூங்கானை மாடம் என்பார்கள். வளைந்த வடிவம் ஒற்றைப் படத்தில் அகப்படாது. எந்தப் பக்கம் நின்றாலும் பாதி வளைவு தட்டையாகிவிடும். சுற்றிவந்து நான்கைந்து கோணங்களில் எடுத்து, வெளிச்சம் எந்த இடத்தில் நிழலாகத் திரும்புகிறது என்பதைப் பார்த்துக்கொண்டால், தாளில் அந்தத் திருப்பத்தை மெல்ல மங்கவிட்டு வளைவைக் காட்டலாம்.

செம்பாக்கம்: எதை விடுவது

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இந்தப் பக்கத்து ஏரிகள் தனித்தனி அல்ல. ஒன்று நிரம்பிக் கலங்கல் வழிந்தால் வாய்க்கால் வழியே அடுத்ததற்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணையில் சேரும் அமைப்பு. செம்பாக்கம் ஏரி ஏறத்தாழ 100 ஏக்கர்.

தை மாதக் காலை, சூரியன் உதித்துச் சற்று நேரத்தில் கரையில் நின்று எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளலாம். கீழே கரையோரக் கோரையும் ஆகாயத்தாமரையும். நடுவே தண்ணீர், அதில் நீர்க்கோழி இரண்டு. எதிர்க்கரையில் பனைகள். அவற்றின் பின்னால் அடுக்குமாடி வீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கைப்பேசிக் கோபுரம். குறுக்கே மின்கம்பிகள்.

முதலில் கைப்பேசியிலேயே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது உதவும். வானமும் தண்ணீரும் வெளிச்சம், கட்டடங்கள் இடைத்தரம், பனையும் கோரையும் இருட்டு என்று மூன்று தரமாகப் பிரிந்துவிடும். அடுத்து, தடித்த தாளில் ஓரம் ஒட்டி, நீர்மட்டக் கோட்டைத் தாளின் நடுவில் வராதபடி மேலேயோ கீழேயோ தள்ளிப் போடவேண்டும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட தாள்தான். தண்ணீரின் பளபளப்பு எங்கே என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டு, ஈரத்தாளில் வானத்தையும் அதே கையோடு தண்ணீரையும் பூசி, காய்ந்தபின் கட்டடங்களை இளம் சாம்பலில் வைத்து, கடைசியில் பனையை ஒரே தீற்றில் ஏற்றவேண்டும். கார்த்திகை ஈரத்தில் தாள் காய நேரமாகும், சித்திரையில் தூரிகை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். பூச்சின் வேகத்தை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளவேண்டும்.

தேர்வு என்பது அடுக்குமாடி வீடுகளில்தான் வருகிறது. அவற்றை அழித்துப் பனையையும் நீரையும் மட்டும் வைத்தால் எந்த ஊர்க் காலண்டரிலும் தொங்கக்கூடிய படமாகிவிடும், செம்பாக்கம் என்று சொல்ல ஆதாரம் இருக்காது. எல்லாவற்றையும் ஜன்னல் ஜன்னலாக வரைந்தால் கண் ஏரிக்கே வராது. கட்டடங்களின் உச்சி விளிம்பை மட்டும் சரியாகப் பிடித்து உள்ளே மங்கவிடுவது நடுவழி. தண்ணீர்த் தொட்டியை வைத்துக்கொள்ளலாம், இடத்தின் அடையாளம் அது. கம்பிகளில் காட்சியைக் கூறுபோடும் ஒன்றிரண்டை நீக்கிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காண்ட்ஸ் வரைந்த சென்னைக் கட்டடங்களுக்கு இன்று மதிப்பிருப்பது, அவர் காலத்தில் சாதாரணமாகத் தெரிந்தவற்றை அவர் விட்டுவிடாததால்தான்.

நன்மங்கலம், பள்ளிக்கரணை: தட்டை நிலம்

செம்பாக்கத்துக்கு வடகிழக்கே நன்மங்கலம் காப்புக்காடு. கைவிட்ட குவாரிக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது, பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை வாழும் இடம். கேமராவும் காலும் வனத்துறை விதிக்குள் நிற்கவேண்டும்.

ஏரிகளின் நீர் வந்து சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 1,247.5 ஹெக்டேர். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளம் கழிமுகத்துக்கும் போகிறது. ஒருகாலத்தில் இதைவிடப் பலமடங்கு பரந்திருந்த நிலம். ரேடியல் சாலையோரத்திலிருந்து பார்த்தால் கோரை, நீர், தூரத்தில் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள், குளிர்காலத்தில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும்.

குன்றோ மரமோ இல்லாத தட்டைக் காட்சியில் வானமே முக்கால் பங்கு. கைப்பேசி பறவையைப் புள்ளியாக்கிவிடும். அதைப் பெரிதாக்கி வரைந்தால் அளவு பிசகிக் கொக்கு மாடளவு நிற்கும். பூநாரைக் கூட்டத்தை இளஞ்சிவப்புத் தீற்றாகவே விட்டுவிடுவது மேல். சாய்ந்து பிடித்த படத்தில் தொடுவானக் கோடு சரிந்திருக்கும். வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் அந்தச் சரிவு முழு ஓவியத்தையும் கவிழ்த்துவிடும் என்பதால், முதலில் அளவுகோல் வைத்துப் போடவேண்டிய கோடு அதுதான்.

முடிந்த ஓவியம்

பிறர் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்து விற்பதற்கு அவருடைய அனுமதி வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்துக்கான உரிமை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டும் நீடிக்கும். தான் எடுத்த படத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கட்டடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பங்களையும் வரைவதற்கு அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது.

சென்னைக் காற்றின் ஈரத்தில் தாளில் பூஞ்சைப் புள்ளி விழும். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே மவுண்ட் அட்டை வைத்துச் சட்டமிட்டால் காற்று புழங்க இடம் இருக்கும். வெளிச்சுவரிலும் நேர்வெயில் படும் சுவரிலும் மாட்டக்கூடாது. பின்புறம் பென்சிலில் எழுதவேண்டியவை நான்கு: இடம், நின்ற திசை, படம் எடுத்த நாளும் நேரமும், வரைந்து முடித்த நாள். அசல் ஒளிப்படத்தையும் அழிக்காமல் வைத்திருந்தால், ஓவியத்தில் எது காட்சியிலிருந்து வந்தது, எது வரைந்தவரின் தேர்வு என்று பின்னால் பார்ப்பவர் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.